ஒன்பதாவது கேள்வி

இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். கட்டுக்கதை என்று மட்டும் சொல்லாதீர்கள். பதினெட்டு வருடமாக வீடு விற்கும் தரகன் நான். பொய் சொல்லியே வயிறு வளர்த்தவன். எது பொய், எது பொய்யில்லை என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

விலை கூடிய வீடு பார்க்க வருகிறவர்கள் என்ன கேட்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். பளிங்கு எங்கிருந்து வந்தது, குளியல் தொட்டி எந்தக் கம்பெனி, மொட்டை மாடியில் எத்தனை பேர் உட்காரலாம். கேட்க வேண்டியதைக் கேட்க மாட்டார்கள். கேட்காததற்குப் பதில் சொல்வது என் வேலையும் இல்லை. குறை எங்கே இருக்கிறதோ அங்கே போய் நான் நின்றுகொள்வேன். சுவரில் விரிசல் என்றால் என் முதுகு அதன்மேல் இருக்கும். தொழில் ரகசியம் அவ்வளவுதான்.

அந்த வீட்டுக்கு மூன்று மாடி, உள்ளேயே லிஃப்ட். அதை நான் இரண்டாம் முறையாக விற்க வந்திருந்தேன். எட்டு மாதத்துக்கு முன்னால், புது வீடாக இருந்தபோது, தூர தேசத்தில் இருந்த ஓர் இன்ஜினியர் தன் அம்மாவுக்காக வீடியோ காலிலேயே பார்த்து வாங்கினார். அந்த அம்மாவை நான் பார்த்ததே இல்லை. போன வாரம் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. “அம்மா இறந்து ஏழு மாசமாச்சு. வீட்ட வித்துக் குடுத்துடுங்க.”

எப்படி இறந்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடுமே.

ஏன் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் விற்பனைக்கு முன்பே லிஃப்ட் மெக்கானிக் என்னிடம் சொன்னான்: “அண்ணே, மேல்மாடிக் கதவுப் பூட்டு பிடிக்கல. லிஃப்ட் கீழ நின்னாலும் கதவு தொறக்குது. பார்ட் வர ரெண்டு வாரம் ஆகும்.” எனக்கு அந்த வாரமே கையெழுத்தாக வேண்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அப்புறம் மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் நினைத்தேன். கை வரவில்லை. மறக்கவில்லை.

இந்த முறை போய்ப் பார்த்தபோது லிஃப்டின் மெயின் சுவிட்ச் அணைந்திருந்தது. மேல்மாடிக் கதவில், யாரோ திறக்காமல் இருக்க ஒட்டிய ஒட்டுநாடா பிய்ந்த தடம். ஆள் உயரச் செடித்தொட்டி ஒன்றை அதன் முன்னால் இழுத்து வைத்தேன். அழகாகத்தான் இருந்தது.

பார்க்க வந்தவர் ஒரு பல் டாக்டர். கூடவே மனைவி, ஐந்து வயது மகள். மாலை 5.10. நல்ல வெளிச்சம். மூவரையும் வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளே விட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வீடு பார்க்கும்போதே இன்னொருவரும் வந்து பார்த்தால் முதல் ஆளுக்குப் பதற்றம் வந்துவிடும். பேரம் பேச மாட்டார். அதற்காகவே என் கூட்டாளி ஒரு போலிப் பார்ட்டியை அனுப்பி வைப்பான். அன்றும் ஒரு அம்மாவை 5.15க்கு அனுப்பச் சொல்லியிருந்தேன்.

டாக்டர் குடும்பம் சமையலறைக்குள் போனது. நான் திரும்பினேன். ஹாலில் ஒரு அம்மா நின்றிருந்தார்.

வாசல் கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. அறுபது வயது இருக்கும். கையில் மடித்த தாள். ஒரு காலில் மட்டும் செருப்பு. மற்றதையும் கழற்றுவார் என்று பார்த்தேன். கழற்றவில்லை.

“மழைத்தண்ணி எந்தப் பக்கம் வடியும்?” என்றார் தாளைப் பார்த்து.

பரவாயில்லையே, நன்றாக நடிக்கிறார் என்று நினைத்தேன். சமையலறைக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகவே பதில் சொன்னேன்.

“பக்கத்து மனைல என்ன கட்டப் போறாங்க?”

சொன்னேன்.

“கரண்ட் போனா ஜெனரேட்டர் எத்தன நிமிஷத்துல எடுக்கும்?”

சொன்னேன். இந்தக் கேள்விகளை எங்கேயோ கேட்டிருக்கிறேன். இதே வார்த்தைகள். இதே வரிசை...

வீடியோ கால். அந்த இன்ஜினியர். “அம்மா ஒம்போது கேள்வி எழுதிக் குடுத்திருக்காங்க சார். ஃபேக்டரில சேஃப்டி பாத்தவங்க, விட மாட்டாங்க.” சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் படித்தார். எட்டுக்கும் பதில் சொன்னேன். ஒன்பதாவது, “மேல்மாடி லிஃப்ட் கதவு...” என்று தொடங்கினார்.

“ஹலோ... ஹலோ... சார், கேக்கல சார்...”

நான்தான் துண்டித்தேன். சிக்னல் முழுதாக இருந்தது.

ஹாலில் நின்ற அம்மா கேட்டுக்கொண்டே போனார். நாலு. அஞ்சு. ஆறு. நான் பதில் சொன்னேனா என்று ஞாபகமில்லை. அவருக்கும் அது தேவைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஏழு.

எட்டு.

என் போன் அதிர்ந்தது. 5.31. கூட்டாளியின் செய்தி.

“அண்ணே, அந்த அம்மாவுக்குக் காய்ச்சலாம். இன்னிக்கு யாரும் வரல.”

நிமிர்ந்தேன். அவர் தாளை மடித்தார்.

“ஒம்போதுக்கு நீங்க பதிலே சொல்லலையே.”

மேலே... சர்ர்ர்ர்...

கனமான ஒன்றைத் தரையில் இழுக்கும் சத்தம்.

செடித்தொட்டி.

சமையலறையிலிருந்து டாக்டரின் மனைவி கூப்பிட்டார். “பாப்பா? பாப்பா எங்க?”

ஓடினேன்.

முதல் மாடி. இரண்டாம் மாடி. மூச்சு முட்டியது.

மூன்றாம் மாடி.

தொட்டி மூன்றடி தள்ளி நின்றது. நான் முழு பலத்தையும் போட்டு நகர்த்திய தொட்டி.

லிஃப்ட் கதவு திறந்திருந்தது. உள்ளே இருட்டு.

விளிம்பில் குழந்தை.

அவளுடைய வலது கை மட்டும் மேலே உயர்ந்திருந்தது. பெரியவர் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல.

பக்கத்தில் யாரும் இல்லை.

வாரி எடுத்தேன். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. டிக்.

“அந்த ஆன்ட்டி கைய விடவே மாட்டேன்னுட்டாங்க” என்றாள் குழந்தை.

5.34.

அங்கேயே, மாடிப்படியில் உட்கார்ந்து, டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டு, மெக்கானிக், நான் துண்டித்த அழைப்பு, எல்லாம். பதினெட்டு வருடத்தில் கேட்காமலே பதில் சொன்னது அன்றுதான். அவர் என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, “இத முன்னாடியே சொல்லியிருக்கணும்ல?” என்று மட்டும் கேட்டார். அதை முதலில் என்னிடம் கேட்டிருக்க வேண்டியவர் யார் என்று அவருக்குத் தெரியாது.

மறுநாள் காலை இன்ஜினியரைக் கூப்பிட்டேன்.

“அம்மா எப்படி சார் இறந்தாங்க?”

“ஏழு மாசம் கழிச்சு இப்பதான் கேக்கறீங்க” என்றார். பிறகு சொன்னார். குடிவந்த முதல் நாள். சாயங்காலம் அஞ்சரை இருக்கும். மேல்மாடி லிஃப்ட் கதவு திறந்தது, லிஃப்ட் கீழே நின்றிருந்தது. ஒரு செருப்பு மட்டும் மேலேயே கிடந்தது.

“கையில ஏதாவது தாள்...” என்று கேட்டேன்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அந்தத் தாள ஒரு படம் எடுத்து அனுப்புங்க சார்” என்று மட்டும் சொன்னேன். பத்து நிமிடம் கழித்து அந்தத் தாளின் படம் வந்தது. நீல மை, குண்டு குண்டான எழுத்து. ஒன்பது கேள்விகள். முதல் எட்டுக்கும் நேராகச் சரி என்று குறி போட்டிருந்தது. ஒன்பதாவது: மேல்மாடி லிஃப்ட் கதவுப் பூட்டு சரியாக இருக்கிறதா?

அதற்கு நேராக, அதே கையெழுத்தில், அந்த அம்மா எழுதியிருந்தார்:

‘லைன் கட்டாகிவிட்டது. பதில் வரவில்லை. போனவுடன் நானே திறந்து பார்த்துவிட வேண்டும்.’