குரங்கணி வளைவில் ஒரு மடக்கு சைக்கிள்

போன சனிக்கிழமை என் கணவர் காணாமல் போனார். கால் மணி நேரம்தான்... அதற்குள் எனக்குப் பத்து வயது கூடிவிட்டது.

போன வருடம் அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். சமதளத்தில் மெதுவாக சைக்கிள் ஓட்டலாம் என்றார் டாக்டர். உடனே மடக்கு சைக்கிள் வாங்கினார். போடித் தெருக்களில் ஓட்டிய வரைக்கும் சரி. குரங்கணிக்கு பஸ்ஸில் கொண்டுபோய், அங்கிருந்து மலை ஏறும் மண் பாதையில் இறக்கத்தில் மட்டும் ஓட்டுவேன் என்று பிடிவாதம். எத்தனை நாள் மறுப்பது? துணைக்குப் போனேன். மேலே ஏறும்போது சைக்கிளைத் தள்ளியது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான்!

இறங்கும்போது, மழை அறுத்த பள்ளங்களில் சின்னச் சக்கரம் குதிக்க, பிரேக்கைப் பிடித்தபடி அவர் முன்னால் போனார். நான் பின்னால் நடந்தேன்.

மூன்றாவது வளைவு. ஓரமாக சைக்கிள் மடக்கி வைத்திருக்கிறது. மேலே ஹெல்மெட். அவர் இல்லை.

கூப்பிட்டேன். பதில் இல்லை. போனில் டவர் இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காபிச் செடிகளுக்குள் எங்காவது விழுந்து கிடக்கிறாரோ... செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன்.

அடுத்த வளைவில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றி வந்த ஜீப் பள்ளத்தில் சாய்ந்து நின்றது. எதிரே ஜீப் வருகிறதே என்று சைக்கிளை மடக்கி வழிவிட்டிருக்கிறார். அது பின்னால் சறுக்கியதும் உதவிக்கு ஓடியிருக்கிறார். இப்போது சக்கரத்துக்கு அடியில் கல் வைத்துக்கொண்டிருந்தார்.

உயிர் வந்தது. கூடவே கோபமும்.

"இந்த உடம்போட ஜீப்பைத் தள்றீங்களா?"

வேலைக்கு வந்த பெண்களில் ஒருத்தி என் கையைப் பிடித்தாள். "பதறாதீங்கக்கா. அண்ணே கல்லு மட்டுந்தான் வச்சாரு. நெஞ்சுல ஸ்டென்ட்டு இருக்கு, தள்ள முடியாதும்மான்னு முன்னாடியே சொல்லிட்டாரு."

அவரா சொன்னார்? கூடப் பிறந்த தம்பியிடமே வாயுத் தொல்லை என்று சொன்னவர். ஆபீஸில் இன்றுவரை யாருக்கும் தெரியாது. முடியாது என்ற சொல்லை இந்த ஒரு வருடத்தில் என்னிடமே அவர் சொன்னதில்லை. தெரிந்தவர்களிடம் மறைப்பதைத் தெரியாதவர்களிடம் சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம், இல்லையா?

அதற்குப் பிறகு அவர் சைக்கிளில் ஏறவில்லை. தள்ளிக்கொண்டே என்னோடு நடந்தார்.

ஏன் என்று நானும் கேட்கவில்லை — கேட்டிருந்தால் வீம்புக்கே ஏறியிருப்பார்!