எதிர்முனையிலிருந்து வந்தவர்

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஒவ்வொருவரும் ஒரு கற்பித்தல் முறையை விளக்கிப் பேச வேண்டும். யோசனை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதை மறைத்தால் களவு, பாடத்தில் சித்தியடைய முடியாது.

என் முறை இதுதான்: கணக்குகளை முதலில் முடித்த பிள்ளை, பின்தங்கிய பிள்ளையின் தாளில் கடைசிக் கணக்கிலிருந்து மேல்நோக்கிச் செய்துகொண்டு வரும். நடுவில் சந்திக்கும் கணக்கை இருவரும் சேர்ந்து செய்வார்கள்.

திரையில் நான்கு புத்தகங்களின் பெயர்களைப் போட்டிருந்தேன். கனமாகத் தெரியட்டும் என்றுதான். இரண்டை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

யாழ்ப்பாணத்து விரிவுரையாளர் விடவில்லை. "நல்ல யோசனை. இது எந்தப் புத்தகத்தில, எத்தினையாம் பக்கத்தில இருக்கு, பிள்ளை?"

லிந்துலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள் என்று வகுப்பில் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. 'டவுன்' என்றே ஒப்பேற்றி வந்தேன்.

"புத்தகத்துல இல்ல சேர். கொழுந்து மலையில பார்த்தது," என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் எதிர்வீட்டு அத்தைக்கும் அம்மாவுக்கும் பைப்படியில் தண்ணீருக்காக ஒரு சண்டை. அதிலிருந்து வருடக்கணக்காகப் பேச்சே கிடையாது. ஆனால் மலையில் ஆளுக்கொரு நிரையாகக் கொழுந்து பறிக்கும்போது, கைவலியால் அம்மா பின்தங்கினால், அத்தை தன் நிரையை முடித்துவிட்டு அம்மாவின் நிரைக்குள் எதிர்முனையிலிருந்து பறித்துக்கொண்டு வருவார். இருவரும் நடுவில் முட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள்!

வகுப்பு சிரித்தது. விரிவுரையாளர் சிரிக்கவில்லை. "அப்ப அவவின்ர பேரை எழுதும். வாசிக்காத புத்தகங்களை வெட்டும்," என்றார். எப்படித்தான் கண்டுபிடித்தாரோ! அந்த மனிதருக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

இறுதிப் பிரதி கொடுக்குமுன் வீட்டுக்குப் போனேன். பைப்படியில் நின்ற அத்தையிடம் திருத்திய பக்கத்தைப் போனில் காட்டினேன். தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நா என்னா பெருசா செஞ்சேன்? அவ ஒத்தையா நின்னா பாக்க சகிக்கல," என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பின்னால் குடத்தோடு வந்த அம்மா எட்டிப் பார்த்தார். "இவ பேரு மட்டுந்தானா? நெரை என்னோடதுல்ல!"

அன்றைக்கே அம்மாவின் பெயரையும் அதே வரியில் சேர்த்தேன். யார் பெயர் முதலில் வர வேண்டும் என்று இருவரும் பைப்படியில் இன்னும் சண்டை போடுகிறார்கள். பேசித்தான் போடுகிறார்கள்.