பின்வரிசை முகங்கள்

வன்னியில் யுத்தம் முற்றியிருந்த நாட்களில், கம்பளையில் எங்கள் வீட்டுக்கு அகலத்திரை டிவி வந்தது. கடையிலிருந்து பொருத்த வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த உடம்பு, நரைத்த மீசை. சட்டைப் பையிலிருந்த மஞ்சள் துணியில் கையைத் துடைத்த பிறகே திரையைத் தொடுவார்.

சுவரில் ஏற்றியதும் வீடே வாயைப் பிளந்து நின்றது. "கிரிக்கெட் போடுங்களேன், பார்ப்போம்" என்றாள் மனைவி. அவர் செய்தியைப் போட்டார். வன்னியிலிருந்து தப்பி வந்து, முகாமில் தண்ணீருக்கு வரிசையாக நிற்கும் சனங்கள். எங்கள் பழைய டிவியில் வெறும் கூட்டமாகத் தெரிந்தவர்கள், இதில் ஆள் ஆளாக நின்றார்கள். ஒரு கிழவரின் தாடி மயிரைக்கூட எண்ணிவிடலாம்.

அவர் திரைக்கு ஒரு சாண் தள்ளி நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"இவ்வளவு கிட்ட நின்னா கண்ணு கெட்டுப் போகாதுங்களா?" என்றேன்.

"இதில பின்னால நிக்கிறவையின்ர முகமும் வடிவாத் தெரியுது. எந்த வீட்டில டிவி பூட்டினாலும் முதல் செய்திதான் போட்டுப் பாக்கிறனான். என்ர தங்கச்சி அந்தப் பக்கம்தான் இருந்தவள்."

செய்தி முடிந்ததும் கிரிக்கெட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

இன்றும் திரையில் கூட்டம் வந்தால் என் கண் பின்வரிசைக்குத்தான் போகிறது. அவர் தங்கை எப்படி இருப்பாள் என்று கேட்டு வைத்திருக்கலாம்.