கடித்தால் கையை இழுக்கக் கூடாது

முள்ளெலிக்குப் பெயர் வைக்கக் கூடாது என்று மனைவி முதல் நாளே சொல்லிவிட்டாள். "பேரு வச்சா அப்புறம் திருப்பிக் குடுக்க மனசு வராது." அது முதலில் எங்கள் மகளையும் பிறகு அவளையும் கடித்ததும் கெடு விதித்தாள். "இன்னும் ஒரே ஒரு தடவை. யாரைக் கடிச்சாலும் சரி, சனிக்கிழமை காலைல வாங்குன எடத்துலயே விட்டுட்டு வந்துரணும்."

தூத்துக்குடிப் பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டில் கேட்பாரற்று ஓடித் திரியும் பிராணி அது. அதன் தூரத்து உறவு ஒன்றுக்காக டெக்சாஸில் மாதக்கணக்கில் காத்திருந்தேன் என்றால், மகள் கேட்டாள் என்பதுதான் காரணம். என் வேலைக்காக நியூ ஜெர்சியிலிருந்து இங்கே பிளானோவுக்கு வந்ததிலிருந்து அந்தப் பதின்மூன்று வயதுப் பெண் எங்களிடம் எதையும் கேட்டதில்லை. 'ஃபைன்', 'ஓகே' என்ற இரண்டு சொற்களில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். முள்ளெலி வந்த பிறகுதான் அவள் அறையிலிருந்து பேச்சுக்குரல் கேட்டது. அதனிடம்தான் பேசினாள். எங்களுக்கு அதுவே போதுமாயிருந்தது. சனிக்கிழமை அது போனால் அந்தக் குரலும் கூடவே போய்விடும். இது எனக்கும் தெரியும், மனைவிக்கும் தெரியும். ஆனால் விரலில் கட்டுப் போட்டிருந்தவள் அவள்.

முள்ளெலிகளை வளர்த்து விற்கும் பெண்மணி பழக்கும் முறையைச் சொல்லித்தான் கொடுத்திருந்தார். நாம் போட்டுக் கழற்றிய டீ ஷர்ட்டை அதன் கூண்டில் வைக்க வேண்டும். தினமும் ஒரு மணி நேரம் துணிப்பையில் போட்டு உடம்போடு ஒட்டி வைத்திருக்க வேண்டும். ஒருநாளும் விடக் கூடாது. கடித்தால் கத்தக் கூடாது, கையை இழுக்கவும் கூடாது. இழுத்தால், 'கடித்தால் ஆள் ஓடிவிடுவான்' என்று அது கற்றுக்கொள்ளும். நீச்சலைக்கூடப் புத்தகத்தில் படித்துவிட்டுத் தண்ணீரில் இறங்குகிற ஆள் நான். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்திருந்தேன்.

கெடுவுக்கு முந்தைய நாள் தவக்கால வெள்ளிக்கிழமை. மாலையில் எங்கள் வீட்டில் ஜெபமாலை. நான்கைந்து குடும்பங்கள் வரும். முள்ளெலியின் ஒரு மணி நேரமும் அதே நேரம்தான்.

"ஒன் டே ஸ்கிப் பண்ணா ஆல் ஓவர் அகெய்ன், அப்பா" என்றாள் மகள். ஒரு வாக்கியத்தில் இத்தனை சொற்கள்! நான் மறுப்பேனா? துணிப்பையை என் ஹூடியின் முன்பக்கப் பையில் செருகிக்கொண்டு, அது உருண்டு விழாமல் வலது கையால் அணைத்துப் பிடித்தபடி, கூடத்தின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். ஜெபமாலை இடது கையில் இருந்தது. மனைவி அந்த இடது கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

ஜெபமாலையின் முதல் பத்து மணிகள் அமைதியாகப் போயின. இரண்டாவதில் பைக்குள் அசைவு. துணிப்பையின் வாய் வழியே ஈரமான சிறு மூக்கு ஒன்று என் ஆள்காட்டி விரலைக் கண்டுபிடித்தது. முகர்ந்தது. பிறகு நக்கியது. அட, பழகிவிட்டது என்று உள்ளம் குளிர்ந்த அந்த விநாடியில்தான் மத்தியானச் சாப்பாடு நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை இறைச்சி கிடையாது. கடற்கரைக்காரர்களான எங்களுக்கு அது ஒரு தண்டனையே இல்லை. நெத்திலிக் கருவாட்டுத் தொக்கைச் சோற்றில் பிசைந்து, விரலை வழித்துச் சாப்பிட்டிருந்தேன். சோப்புப் போட்டுக் கழுவினேன் என்பது உண்மை. கருவாடு சோப்புக்கெல்லாம் பயப்படாது என்பதும் உண்மை.

மூன்றாவது மறைபொருளைச் சொல்ல என் முறை வந்தது. ஆண்டவருக்கு முள்முடி சூட்டப்பட்டதைத் தியானிக்கும் பத்து மணிகள். நான் வாயைத் திறந்தேன், அது கடித்தது.

கிள்ளிவிட்டுப் போகும் கடி என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். பிடித்த பிடியை விடவில்லை. மென்று பார்க்கவும் ஆரம்பித்தது. கூடத்தின் ஓரமாக உட்கார்ந்திருந்த மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள். அவள் உதடுகள் அசைந்தன: டோன்ட் புல். கையை இழுத்தால் மனைவிக்குத் தெரியும், முள்ளெலிக்கும் தவறான பாடம் போகும். இழுக்காவிட்டால் விரல் என்னவாகும் என்று அந்தப் பெண்மணி சொல்லியிருக்கவில்லை. ஒவ்வொரு மணியாக உருட்டினேன். குரல் நடுங்கியது, பாதி வரியில் உடைந்தது. முன்வரிசையிலிருந்த அங்கிள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பத்தாவது மணிக்குள் பற்கள் தளர்ந்தன. ஒரு பெருமூச்சு விட்டு அது சுருண்டு படுத்தது. எனக்கு அந்த வசதி இல்லை; இன்னும் இரண்டு மறைபொருள்கள் பாக்கி.

விடைபெறும்போது ஒரு ஆன்ட்டி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க வீட்டுக்காரர் எப்பிடி உருகிட்டாரு! எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கே, தூங்கி வழியுது."

கடைசிக் கார் நகர்ந்ததும் மனைவி கதவைச் சாத்தினாள். இத்தனை வருடத்தில் நான் உருகி அவள் பார்த்ததில்லை.

"கையை வெளிய எடுங்க."

எடுத்தேன். விரலில் இரத்தம் காய்ந்திருந்தது. மகள் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"அம்மா, ஹீ லெட் கோ! அப்பா புல் பண்ணல, ஸோ ஹீ லெட் கோ. யூ ஸ்க்ரீம்ட். ஐ ஸ்க்ரீம்ட். அப்பா டிட்ன்ட்."

"இவரு ஆபீஸ்லயும் அப்பிடித்தான்" என்றாள் மனைவி. பிறகு என் விரலைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். தன் விரலிலிருந்த கட்டைப் பார்த்தாள். அது அவளைக் கடித்த அன்றைக்கு, அவள் சீலா மீனைக் கழுவிவிட்டு அதற்குத் தண்ணீர் வைக்கப் போயிருந்தாள்.

"கருவாட்டை மூஞ்சிக்கு நேரா நீட்டுனா அது என்ன பண்ணும்? நானா இருந்தாலும் கடிப்பேன்."

"அப்போ நாளைக்கு?" என்றேன்.

"நாளையிலேர்ந்து நீங்க ஸ்பூன்ல சாப்பிடுறீங்க."

கருவாட்டுச் சோற்றை ஸ்பூனில்! மேல்முறையீடு செய்ய வாயெடுத்தேன். அதற்குள் மகள் பையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு மாடியேறிவிட்டாள். நடந்ததை ஒன்றுவிடாமல் அதனிடம் சொல்லிக்கொண்டே போனாள், என் குரல் உடைந்த இடத்தை நடித்துக் காட்டியபடி. சமையலறையில் மனைவி குழாயை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.