கட்டத்துக்கு வெளியே ஒரு வரி

ராபர்ட்சன்பேட்டையில் உள்ள என் மருந்து மொத்தக் கடையின் கம்ப்யூட்டர்களை யாரோ இணையம் வழியே புகுந்து முடக்கிவிட்டார்கள். மூன்று நாளாகக் கையால் பில் எழுதிக் களைத்திருந்தேன். சைபர் இன்சூரன்ஸ் எடுத்திருந்ததால் கம்பெனி பெங்களூரிலிருந்து, இழப்பை விசாரித்து அறிக்கை எழுத ஒரு சர்வேயரை அனுப்பியது. ஐம்பது வயதிருக்கும். தூங்காத முகம். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் கண்ணை ஒருமுறை மூடித் திறப்பார்.

"வேலைய விட்டுப் போனவரோட பாஸ்வேர்ட் வழியாதான் உள்ள வந்திருக்காங்க. அத ஏங்க எடுக்கல?"

"பெங்களூர் வேலைக்குப் போனான் சார். ஒத்து வராம திரும்பிடுவான்னு உட்டுட்டேன்."

இந்த முறை கண்ணைத் திறக்க நேரமானது. "நானும் இங்க சுரங்கத்துப் பக்கம் ஸ்கெலட்டன் லைன் வீட்ல பொறந்து பெங்களூர் போனவன்தாங்க," என்றார். "நீங்க சொல்றத எழுதினா க்ளெய்ம் வராது. இன்னா எழுதட்டும்?"

"நடந்தத எழுதுங்க."

எழுதினார். க்ளெய்ம் வரவில்லை. மறுப்புக் கடிதத்தோடு அவருடைய அறிக்கையின் நகலும் வந்தது. காரணம் எழுதும் கட்டத்தில், வேலையை விட்டுப் போனவரின் பாஸ்வேர்ட் நீக்கப்படவில்லை என்றிருந்தது. கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், சின்ன எழுத்தில் இன்னொரு வரி: "அவர் திரும்பி வருவார் என்று உரிமையாளர் காத்திருந்தார்."

அந்த வரியை யாரும் சர்வேயரிடம் கேட்கவில்லை.