உடமைக்காரர் கை வைக்காத புளியமரம்

1. ஸ்டேஷனில் நின்ற வண்டி

என்னுடைய டிராக்டர் ஒரு மழைக்காலம் முழுக்கப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றது. பல்லடம் பக்கம் ஒருவர் தன் காட்டு வேம்பு என்று காட்டிய மரத்தை நாங்கள் அறுத்து இழுத்துப் போட்டோம். கடைசியில் அது ரோட்டோரப் புறம்போக்கு மரம். காட்டியவர் அன்று மாலையே ஊரில் இல்லை. நாங்கள் இருந்தோம், வண்டி இருந்தது, மரமும் வண்டியில் கட்டியபடியே இருந்தது. போலீசுக்கு வேறு என்ன வேண்டும்?

அந்த வண்டி என் கைக்கு வரும்போதே பலபேர் கை மாறிய பழசு. செல்ஃப் எடுக்காது. மேட்டில் நிறுத்தி உருட்டித்தான் கிளப்ப வேண்டும். பின்பக்கம் ஒரு விஞ்ச் வைத்திருந்தேன். காயலான் கடையில் கிடந்த கிரேன் விஞ்சை லேத்துப் பட்டறையில் கொடுத்துப் பொருத்தியது. அதில் சுற்றிய இரும்பு ரோப்தான் எங்களுக்கு யானை. லாரி போக முடியாத காட்டுக்குள், கிணற்று மேட்டில், வாய்க்கால் ஓரத்தில் விழுந்த மரத்தை அது ரோட்டுக்கு இழுத்து வந்துவிடும். மரத்தின் மூக்கு மண்ணில் குத்தாமல் இருக்க, துணிக்குச் சாயம் போடுகிற டையிங்கில் தூக்கிப்போட்ட இரும்பு பேரலை இரண்டாக வெட்டி முன்னால் கொடுப்போம். ரோப் அறுந்தால் ஆளை வீசிவிடும் என்பதால் நனைத்த சாக்கை அதன் நடுவில் தொங்கவிடுவோம். கனமான மரம் என்றால் டிராக்டர் முன்சக்கரத்தைத் தூக்கிவிடும். அப்போது யாராவது முன்னால் பம்பரில் ஏறி உட்கார்ந்து பாரம் கொடுக்க வேண்டும்.

பழனியாண்டவன் புண்ணியத்தில் வண்டி திரும்பக் கிடைத்தது. சீட்டுக்கு அடியில் அணில் கூடு கட்டியிருந்தது. சாவியைக் கொடுத்த ஏட்டு சிரிக்காமல் சொன்னார்: "இன்னொரு தடவ இது உள்ள வந்துச்சுன்னா ஏலத்துக்குத்தான் போகும், பாத்துக்க."

வீட்டில் எல்லாருடைய சோறும் அந்த வண்டியில்தான் வந்தது. அன்றிலிருந்து மரத்தைக் காட்டுகிற ஆள் யாராக இருந்தாலும் நான் முதலில் அவருடைய கண்ணைத்தான் பார்ப்பேன். சாமி கும்பிடுகிறவன் எல்லாரையும் நம்ப வேண்டும் என்று மனைவி சொல்வாள். சாமியை நம்பலாம், மரம் காட்டுகிறவனை நம்ப முடியாது என்று நான் சொல்வேன்.

2. முதல் வெட்டு

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்த வருடங்களில் திருப்பூரைச் சுற்றி டையிங் பாய்லர்கள் விறகைத் தின்றுகொண்டே இருந்தன. அவிநாசி, பல்லடம், காங்கேயம் என்று சுற்றுவட்டக் காடுகளில் வெள்ளவேல், வேம்பு, பட்டுப்போன தென்னை என்று எது கிடைத்தாலும் இழுத்துக் கொடுத்தோம். மரம் அறுக்கிறவர் சேவியர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவருக்குப் பஞ்சுத்தூசி நெஞ்சில் அடைத்துக்கொண்டது. மெஷின் வாளைத் தூக்கிக்கொண்டு வெளிக்காற்றுக்கு வந்துவிட்டார். மரம் எந்தப் பக்கம் விழும் என்று அவர் சொன்னால் அந்தப் பக்கம்தான் விழும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மரத்துக்குச் சூடம் காட்டிய பிறகு முதல் வெட்டை உடமைக்காரர் தன் கையால் போட வேண்டும். பேருக்கு ஒரு வெட்டு. பச்சை மரத்தை அறுக்கிற பாவம் கூலிக்காரனைச் சேராமல் இருக்கப் பெரியவர்கள் வைத்த முறை அது. பல்லடத்தில் அவசரம் என்று சொன்னதை நம்பி அதை விட்டுவிட்டோம். ஸ்டேஷனுக்குப் போய் வந்த பிறகு எனக்கு அது இரட்டை முறையாகிவிட்டது. சாமிக்கும் ஆச்சு, சட்டத்துக்கும் ஆச்சு. அடுத்தவன் மரத்தைத் தன் மரம் என்று சொல்ல எத்தனையோ பேருக்கு வாய் வரும். சூடம் எரியும்போது கோடாலியை எடுத்துக் கையில் கொடுத்தால் பலருக்குக் கை வராது. அப்படி இரண்டு பேர் கோடாலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

3. சேவூர்க் காடு

சேவூருக்குப் பக்கத்தில் தோட்டமும், திருப்பூரில் சின்ன டையிங்கும் வைத்திருந்த பொன்னுசாமி என்பவர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். நாங்கள் அவருடைய பாய்லருக்கு விறகு கொடுத்திருக்கிறோம், முகம் தெரியும். அதிகம் பேசாத மனிதர். காட்டில் நின்ற வெள்ளவேல் மரங்களை எல்லாம் இழுத்துவிட வேண்டும் என்றார். முதல் மரத்தில் கோடாலி கொடுத்தேன். யோசிக்காமல் ஒரு வெட்டுப் போட்டார். வேலை ஒழுங்காக நடந்தது.

வேலை முடிகிற சமயத்தில் காட்டின் மூலையில், பொழி ஓரத்தில் நின்ற பெரிய புளியமரத்தைக் காட்டினார். காட்டினார் என்றால் கையை நீட்டினார். முகம் வேறு பக்கம் இருந்தது.

"அதையும் எடுத்துருங்க மணி. தூரோட பேத்துப்போடோணும். குழிய மூடி ஒழவு ஓட்டிருங்க. அங்க ஒரு மரம் இருந்துச்சுங்கறதே தெரியக்கூடாது."

எனக்குச் சுருக்கென்றது. பொழி என்பது இரண்டு காட்டுக்கும் நடுவில் உள்ள எல்லை வரப்பு. பொழி மேல் நிற்கிற மரம் பாதி அடுத்தவனுக்கு. தூரோடு பெயர்த்து உழவும் ஓட்டினால் எல்லை எது என்று நாளைக்கு யார் சொல்வது? நான் யோசிப்பதைப் பார்த்து, விறகுக்கு ஒரு ரூபாயும் வேண்டாம், முழுக்க நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு ஒரு நிபந்தனை சொன்னார். அந்த மரத்தில் ஒரு சுள்ளிகூடத் தன் டையிங்குக்கு வரக்கூடாது.

பாய்லர் வைத்திருக்கிறவர் வைரம் பாய்ந்த புளியை இனாமாகக் கொடுக்கிறார். கொடுப்பதைத் தன் இடத்துக்குக் கொண்டுவரக் கூடாது என்கிறார். திருட்டுச் சாமான் என்றால்தானே வீட்டுக்கு வரக்கூடாது என்பார்கள்?

அன்று இரவு சாப்பிடும்போதும் அதே நினைப்புத்தான். மறுநாள் விடிந்ததும் போய் மரத்தைச் சுற்றி வந்தேன். அடிமரத்தில் ஒரு பக்கம் மட்டும் சாணி அப்பியிருந்தது. புதுச் சாணி. எதையோ மறைக்கிற பூச்சு. எல்லைக்குப் போட்ட பழைய அடையாளமாக இருக்கும் என்று நான் முடிவு கட்டினேன். அந்தப் பக்கத்துக் காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் கிட்ட வந்தார்.

"இந்த மரத்தயுமா எடுக்கறீங்க?" என்றார்.

"ஆமாங்க. இது ஆரோட மரமுங்க?"

அவர் பொன்னுசாமியின் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "அவிங்க சொன்னாச் சரித்தானுங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு நடையைக் கட்டினார். கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. அக்கம்பக்கத்து வாயை எல்லாம் அடைத்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

சேவியரிடம் சொன்னேன். அவர் வாளுக்கு ஆயில் ஊற்றிக்கொண்டே, "அண்ணாச்சிக்குப் பொண்டாட்டி சோறு போட்டாலும் சந்தேகந்தான். கோடாலியக் குடுத்துப் பாருங்க, தெரிஞ்சிரும்லா" என்றார்.

4. கோடாலி

சூடம் ஏற்றினேன். பொன்னுசாமி வரப்பில் தள்ளியே நின்றார். கோடாலியைக் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கவில்லை.

"நீங்களே போட்டுக்கங்க."

"மொத வெட்டு உங்க கைதானுங்ணா. வேலாமரத்துக்குப் போட்டீங்களே."

"பொண்ணு முழுகாம இருக்குதுங்க. இப்ப நான் பச்ச மரத்துல கை வெக்கக் கூடாது."

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் மரம் வெட்ட மாட்டார்கள், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கொஞ்ச நாளைக்கு முன்னால் வெள்ளவேலில் வெட்டுப் போட்டபோது பெண் முழுகாமல் இல்லையா? கோடாலியை வண்டியில் சாய்த்து வைத்தேன். சேவியர் கண்ணால் கேட்டார், பொறுங்கள் என்று கை காட்டினேன்.

அந்த நேரம் பார்த்து பொன்னுசாமியின் மனைவி தூக்குப்போசியில் டீ கொண்டு வந்தார். அதுவரை அவர் காட்டுக்குள் வந்து நாங்கள் பார்த்ததில்லை. டம்ளரை வாங்கும்போது, பேச்சுப்போக்கில் கேட்கிறவன் மாதிரி கேட்டேன்.

"பொண்ணுக்கு எத்தன மாசமுங்க்கா?"

அந்த அம்மா புரியாமல் பார்த்தார். "எங்களுக்குப் பொண்ணு இல்லீங்களே."

அவ்வளவுதான். எனக்கு ஸ்டேஷன் வாசல் கண்ணுக்குள் வந்துவிட்டது. டம்ளரை அப்படியே பம்பர் மேல் வைத்தேன். "சேவியர், ரோப்பச் சுத்துங்க. கெளம்பலாம்" என்றேன். பொன்னுசாமியைப் பார்த்துக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். இந்த மரம் யாருடையது என்று எனக்குத் தெரியாது, நீங்கள் சொல்வதும் நம்புகிற மாதிரி இல்லை, கை வைக்க உரிமை இல்லாதவர் காட்டுகிற மரத்தில் என் ரோப் விழாது என்று சொல்லிவிட்டேன்.

அவர் தரையைப் பார்த்தபடி நின்றார். நான் வண்டியில் ஏறக் காலைத் தூக்கினேன்.

"கொஞ்சம் நில்லுங்க" என்றார் அந்த அம்மா.

போசியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இவரோட மரந்தானுங்க. பொழி அதுக்கும் அந்தாண்ட இருக்குது, மரம் பூராவும் எங்களுது. எங்களுக்கு ஒரே பையன். காலேஜ் படிச்சிட்டு இருந்தான். போன வருசம் புளி உலுக்க ஆளுக்குச் சொல்லி வெச்சோம். எல்லாரும் கம்பெனிக்குப் போறாங்க, காட்டு வேலைக்கு ஆரு வர்றா? லீவுக்கு வந்தவனை, நீயே ஏறி உலுக்கிப் போடு சாமின்னு இவருதான் சொன்னாரு."

அதற்கு மேல் சொல்லத் தேவையிருக்கவில்லை. சேவியர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டார்.

ஆளைப் பலிகொண்ட மரத்தை மரக்காரர்கள் தொட மாட்டார்கள். முன்னால் வந்த இரண்டு செட்டு ஆட்களும் விஷயம் தெரிந்ததும் போய்விட்டார்களாம். அதனால்தான் அக்கம்பக்கத்தில் வாய் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். இனாம் என்று சொன்னதும், டையிங்குக்கு வேண்டாம் என்றதும் எதற்கு என்று அப்போது எனக்கு விளங்கியது. தன் பாய்லரில் அந்த மரம் எரிவதை அவர் எப்படி நின்று பார்ப்பார்?

"ஊட்டு வாசல்ல நின்னா இதுதான் தெரியுது. என்னால முடியலீங்க" என்றார் அந்த அம்மா. சாய்த்து வைத்திருந்த கோடாலியை அவரே எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார். கோடாலியின் பின்பக்கத்தால் அந்தச் சாணிப் பூச்சைத் தட்டினார். காய்ந்தும் காயாமலும் இருந்த சாணி பெயர்ந்து விழுந்தது.

உள்ளே வெட்டுக் காயங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக, ஆழமில்லாமல், தாறுமாறாக.

"ஆருக்கும் தெரியாமப் போயிப் போயி வெட்டறாரு. வெட்டிப்போட்டு, அந்தக் காயத்துக்கு இவரே சாணியும் அப்பிப்போட்டு வர்றாரு."

குடியானவர் மரத்தில் காயம் பட்டால் சாணி அப்புவார். கை பழக்கம் அது. பிள்ளையைப் பலிகொண்ட மரத்துக்கும் அந்தக் கை அதைத்தான் செய்திருக்கிறது.

சேவியர் கிட்டப் போய்க் காயத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அண்ணாச்சி, மொத வெட்டு எப்பமோ விழுந்துட்டு."

5. பாரம்

எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. சட்டைப் பையில் எப்போதும் பழனி விபூதி வைத்திருப்பேன். கொஞ்சம் எடுத்து அந்தக் காயத்தில் பூசி, 'உன் மேல் கோபம் இல்லை, இந்த அம்மா கண்ணுக்கு முன்னால் மட்டும் நிற்காதே, போய்விடு' என்று வேண்டிக்கொண்டேன். சேவியர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். வாளைக் கிளப்பினோம். மரம் யாரையும் தொடாமல், அவர் சொன்ன பக்கமே விழுந்தது.

மரம் விழுந்தாலும் தூர் வரவில்லை. புளியந்தூர் சும்மா வராது. பக்க வேர்களை அறுத்துவிட்டு ரோப்பைச் சுற்றி இழுத்தேன். வண்டி முன்சக்கரத்தைத் தூக்கியது. கல்லைக் கட்டிப் பார்த்தோம். மறுபடி தூக்கியது. பம்பரில் உட்கார ஆள் வேண்டும், சேவியர் ரோப்பைப் பார்க்க வேண்டும். யாரைக் கூப்பிடுவது என்று திரும்பினேன்.

பொன்னுசாமி வரப்பிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு பம்பரில் ஏறி, மரத்துக்கு முதுகு காட்டி, வீட்டைப் பார்த்து உட்கார்ந்தார். நான் மெதுவாக கிளட்சை விட்டேன். முன்சக்கரம் மண்ணிலேயே நின்றது. வேர் ஒவ்வொன்றாக அறுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் முதுகு அசைந்தது. அவர் திரும்பவில்லை, இறங்கவும் இல்லை. தூர் வெளியே வந்த பிறகும் நான் இஞ்சினை நிறுத்துகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அந்த மரம் முழுக்க வெளியூர்ச் செங்கல் சூளைக்குப் போனது. அவர் டையிங்குக்கு ஒரு சுள்ளியும் போகவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது: முதல் வெட்டை யார் தடுத்தாலும் விடாதீர்கள், வண்டி பிழைக்கும். நானும் கடைசிவரை விடவில்லை. ஆனால் அந்தச் சேவூர்க் காட்டுக்குப் பிறகு, கோடாலியை நீட்டுவதற்கு முன்னால் உடமைக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுவிடுவேன். "இந்த மரத்துக்கும் உங்களுக்கும் ஏதாவது இருக்குதுங்களா?" பெரும்பாலும் சிரித்துவிட்டு ஒன்றுமில்லை என்பார்கள். எப்போதாவது ஒருவர் சிரிக்க மாட்டார். அவர் சொல்லி முடிக்கிறவரை வண்டியைக் கிளப்ப மாட்டேன்.