நாற்காலியை வெட்டிய ரேணுகா

ரேணுகா அக்கா இறந்த செய்தி எனக்கு ஒரு வாட்ஸப் குழுவில் வந்தது. ஜமுனாமரத்தூருக்கு மேலே, ஒரு புளியந்தோப்பை விலைக்கு வாங்கிக் கட்டியிருக்கிறார்களே, கலைக்கூடம், அதன் குழு. மேலே, அடுத்த ஓவியக் கண்காட்சியின் திறப்புவிழாவுக்கு எல்லோரும் வெள்ளை உடையில் வரவேண்டும் என்று ஓர் அழைப்பு. கீழே, சாமைப் பொங்கலைக் குட்டிக் கிண்ணங்களில் வைத்து எடுத்த படம். நடுவில் "நம் ரேணுகா இனி இல்லை" என்று ஒரு வரி. அதற்குச் சில உடைந்த இதயங்கள். சாமைப் பொங்கலுக்கு விழுந்த இதயங்கள் அதைவிட அதிகம்.

அக்காவின் தம்பிக்குப் போன் செய்தேன். காலையில் நெஞ்சுவலி, வேலூருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார். அமிர்திக்குப் பக்கத்தில் அவர்களுடைய நிலத்தில் எரித்தார்கள். "நம் ரேணுகா" என்று எழுதியவர்களில் ஒருவரும் வரவில்லை. மலையிலிருந்து ஒரு வேன் மட்டும் வந்தது. அதை ஓட்டிவந்தவர் காளியப்பன். அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கலைக்கூடத்தின் உரிமையாளர் முகுந்தன் அடுத்த வாரம் என்னை அழைத்தார். அக்காவின் நினைவாக ஒரு மாலை நடத்துகிறார்களாம். அதற்கான மலரில் உள்ளூர்க்காரர் ஒருவர் எழுதினால் நன்றாக இருக்குமாம். "வார்ம்மா இருக்கட்டும் டீச்சர், அரைப்பக்கம் போதும்" என்றார். எழுதி வந்தபோது அரைப்பக்கத்தில் அடங்கவில்லை. வெதுவெதுப்பாகவும் இல்லை. அதனால் இந்தச் சிற்றிதழுக்குக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் இது அந்த மாலைக்கு வரப்போகிறவர்களுக்காகத்தான் எழுதப்பட்டது. நீங்கள்தானே அவரை அறிந்தவர்கள்!

அறியாதவர்களுக்கு: ரேணுகா அமிர்திப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். சென்னையில் ஆவணப்படங்களுக்குப் படத்தொகுப்பு செய்து வாழ்ந்தவர். வயதான பிறகு மலைக்கு வந்து, எங்கள் பள்ளிக்குப் பின்தெருவில் வாடகைக்கு இருந்தார். கலைக்கூடத்தின் ஆரம்ப நாட்களில் அவர் இல்லாமல் ஒரு திறப்புவிழாவும் நடக்காது. சாயம் போகாத சிவப்புப் பருத்திப் புடவை, விரலில் பெரிய கல் மோதிரம் என்று தயாராகி, பள்ளி முடிந்து நான் வரும் முன்பே வாசலில் நிற்பார். அவருக்கு அந்தக் கூட்டம் பிடித்திருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

பிடித்திருந்தது, மதிப்புத்தான் இல்லை. முதல்முறை என்னை அழைத்துப்போனபோது வாசலிலேயே நிறுத்திச் சொன்னார்: "பாரு டீச்சர். சுவத்துல படம் மாட்டியிருக்கு. அத்தனை பேரும் அதுக்கு முதுகைக் காட்டிக்கினு நிக்கிறாங்க. வரைஞ்சவனே அப்படித்தான் நிக்கிறான்." பார்த்தேன். உண்மைதான். கையில் கோப்பையுடன் பேசுகிறவரின் கண் எதிரில் இருப்பவரின் தோளுக்கு மேலே அலைந்துகொண்டிருந்தது, அவரைவிடப் பெரிய மனிதர் யாராவது உள்ளே வருகிறாரா என்று. வந்தால் பேச்சு பாதியில் அறுந்தது. அறுந்த பேச்சோடு நின்றவர் உடனே வேறு தோளைத் தேடிப் போனார். சென்னையிலிருந்து அரைநாள் கார் ஓட்டிவந்து, அங்கே தினமும் பார்க்கிற முகங்களையே மலையில் கட்டிப்பிடித்தார்கள். மலையைப் பற்றிப் பேசியபோதெல்லாம் "அமைதி" என்றார்கள், கத்திக்கொண்டே.

இனி அந்தத் திரையிடலுக்கு வருகிறேன். உங்களில் பலர் அன்று அங்கே இருந்தீர்கள். குழுவில் அதை "ரேணுகாவின் துரதிர்ஷ்டவசமான மாலை" என்று குறிப்பிட்டதும் நீங்கள்தான்.

பல பத்தாண்டுகளுக்கு முன் இந்த மலைக்கு வந்த ஓர் அதிகாரி, தன் சுற்றுப்பயணத்தைத் தானே ஆள்வைத்துப் படமெடுத்து வைத்திருந்தார். அந்தச் சுருளை அவருடைய குடும்பத்தாரிடமிருந்து முகுந்தன் வாங்கினார். சென்னையில் அதைக் கணினிக்கு மாற்றிக்கொண்டு வந்தார்கள். கீறலையும் குலுக்கலையும் சரிசெய்து ஓடவைத்தது ரேணுகா அக்கா. மாதக்கணக்கில் உட்கார்ந்தார். படத்தில் எந்த ஊர் என்று கண்டுபிடித்ததும் முகுந்தனிடம் போய், அந்த ஊர்க்காரர்களையும் கூப்பிடச் சொன்னார்.

"அவங்களுக்குன்னு தனியா ஒரு ஷோ போடலாம், அப்புறமா" என்றார் முகுந்தன்.

அக்கா நேராகக் காளியப்பனிடம் போய்ச் சொன்னார். திரையிடல் நாள் மாலை காளியப்பனின் வேனில் அந்த ஊரே வந்து இறங்கியது. காளியப்பன் அந்த ஊர்க்காரர். மலைக்கும் திருப்பத்தூருக்கும் வேன் ஓட்டுகிறவர். வந்தவர்கள் நேராக நாற்காலிகளில் உட்கார்ந்துவிட்டார்கள். விருந்தினர்கள் சுவரோரம் நின்றார்கள். அதுவரை ஓவியங்களுக்கு முதுகு காட்ட மட்டுமே பயன்பட்ட சுவர்.

மலைக்காரர்கள் ஒன்றும் தவம் செய்வதுபோல உட்கார்ந்து பார்த்துவிடவில்லை. சிலர் பாதியில் பீடி குடிக்க எழுந்து போனார்கள். ஒருவர் சாப்பாடு எப்போது என்று கேட்டார். மற்றவர்கள் திரையில் தெரிந்த பாறையையும் சுனையையும் பெயர் சொல்லிக் கூவினார்கள். சுவரோரத்திலிருந்து "ஷ்ஷ்" என்று ஒரு சத்தம் வந்தது. வாழ்க்கையில் ஒரு படத்தையும் பேசாமல் பார்த்திராத அந்தக் கூட்டம், அன்று மட்டும் அமைதி கேட்டது.

பிறகு அந்தக் காட்சி வந்தது. அதிகாரி ஒரு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். நாற்காலியோடு சேர்த்து மூங்கிலில் கட்டி, நான்கு பேர் அவரை மலையேற்றுகிறார்கள். "என்னவொரு ஃப்ரேம்!" என்றது சுவர்.

பக்கத்தில் இருந்த கிழவி ஒருத்தி திரையைக் காட்டிச் சொல்ல, காளியப்பன் எழுந்து நின்றார். "முன்னாடி லெஃப்ட்ல தூக்குறது எங்கப்பன்" என்றார். "கொஞ்சம் நிறுத்துங்க. நான் சரியா பாக்கணும்."

"படம் முடியட்டும்ங்க. கெஸ்ட் எல்லாம் இருட்டறதுக்குள்ள மலை எறங்கணும்" என்றார் முகுந்தன்.

அக்கா கணினி முன்னால் இருந்தார். படம் நின்றது. காளியப்பன் கைப்பிள்ளையாக இருந்தபோதே அவருடைய அப்பா இறந்துவிட்டார். வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது. அவர் திரைக்கு அருகில் போய் நின்றார். அவருடைய நிழல் திரையில் விழுந்து அப்பாவையே மறைத்தது. ஒதுங்கி நின்று மறுபடி பார்த்தார்.

பேசாமல் இருக்க முடியாத ஒருவர் இருந்தார். சென்னை ஓவியர், அடுத்த கண்காட்சி அவருடையது. "இதை அப்படியே ஒரு இன்ஸ்டலேஷனா பண்ணலாம். அந்த நாற்காலி, மூங்கில், எல்லாத்தையும் நிஜமாவே நடுக்கூடத்துல வச்சு" என்றார்.

அக்கா திரும்பாமலே சொன்னார்: "பண்ணுங்க. நாற்காலி மேல நீங்களே குந்திக்கங்க. தூக்கறதுக்கு ஆளு மட்டும் இந்த மலையில கெடைக்காது."

ஓவியர் வெளியே போனார். அவரைத் தேற்றுவதற்காக ஒவ்வொருவராக எல்லோரும் போனார்கள். தோட்டத்தில் கோப்பைகள் மோதும் சத்தம் கேட்டது. உள்ளே அக்கா படத்தை ஆரம்பத்திலிருந்து மறுபடி ஓட்டினார்.

அதற்கான தண்டனை சத்தமில்லாமல் வந்தது. உங்களுக்குச் சண்டை போடத் தெரியாது. அழைக்காமல் இருக்கத்தான் தெரியும். அவர் தொகுத்த படங்களை வரிசையாகத் திரையிடுவதாகச் சென்னையில் ஒரு ஏற்பாடு இருந்தது. அது தள்ளிப்போனது, பிறகு அதைப் பற்றிய பேச்சே நின்றது. அவருக்கு ஞாபகம் தடுமாறுகிறது என்று யாரோ சொல்ல, எல்லோரும் அதை வருத்தத்தோடு சொன்னார்கள். சீரமைத்த படத்தின் தொடக்கத்தில் நன்றி என்று பல பெயர்கள் ஓடுகின்றன. பானம் வழங்கியவர் பெயர் இருக்கிறது. ரேணுகா என்ற பெயர் இல்லை.

காளியப்பனுக்கு அப்பாவின் படம் வேண்டியிருந்தது. உரிமை தன்னுடையது, கொடுக்க முடியாது என்றார் முகுந்தன். அக்கா தன்னிடம் இருந்த பிரதியிலிருந்து அந்த ஒரு காட்சியைப் போட்டோவாக எடுத்தார். அவர் வீட்டில் நான் இருந்தபோதுதான் காளியப்பன் வந்தார்.

"நாற்காலி வேணாம்மா. எங்கப்பன் மூஞ்சி போதும்."

"நாற்காலிய எடுத்தா அது பொய்யாயிடும் காளி. அவரு இன்னா பாடுபட்டாருன்னு நாலு பேருக்குத் தெரியவேணாமா?"

"நாலு பேரு வேற எங்கனா பாத்துக்கட்டும். அந்தாளு எங்க வூட்டுச் செவுத்துல இன்னாத்துக்கு குந்தணும்?"

ஒரு படத்தை வெட்டுவது பற்றி யார் சொல்லியும் கேட்காதவர், இயக்குநர்களை அறையைவிட்டு வெளியே அனுப்பியவர், அந்த அக்கா கணினியைத் திறந்து வெட்டினார். அதிகாரி போனார், நாற்காலி போனது, தோள்மேல் இருந்த மூங்கிலும் போனது. மிஞ்சியது மேலே எங்கோ பார்க்கிற ஓர் இளைஞனின் முகம். அதைத் திருப்பத்தூரில் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தார். காளியப்பன் போன பிறகு, "நான் வெட்டுனதுலயே இதான் டீச்சர் சரியா வந்துச்சு" என்றார்.

அதன்பிறகும் எனக்கு அழைப்பு வந்தது. நான் போகவில்லை என்றால் அக்கா கோபித்துக்கொள்வார். "நீ போய்ட்டு வா. வந்து சொல்லு. இன்னா தின்னாங்க, யாரைப் பாத்து யாரு பல்லைக் காட்னாங்க, எல்லாம் சொல்லு." வந்து சொல்வேன், உங்கள் குரல்களிலேயே. அவர் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். போன மழைக்காலத்தில் ஒருநாள் அப்படிச் சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "என்னைப் பத்தி யாராச்சும் கேட்டாங்களா?"

"இல்லக்கா" என்றேன்.

"கேக்கமாட்டாங்க" என்றார். எழுந்துபோய் டீ போட்டார்.

இறந்தவரின் கசப்பை அவரோடு எரித்துவிட வேண்டும் என்பார்கள். நான் எரிக்கவில்லை. அவருடைய புடவைகளைத் தம்பி வீட்டார் எடுத்துக்கொண்டார்கள், கணினியைக் காளியப்பனின் மகள் வாங்கிக்கொண்டாள். தன்னைப் பற்றி யாராவது கேட்டார்களா என்ற அந்தக் கேள்வி என் பங்குக்கு வந்திருக்கிறது. இப்போது தினமும் யாராவது போன் செய்து, ரேணுகா கடைசி நாட்களில் எப்படி இருந்தார், தங்களைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்கிறீர்கள். சொன்னார். மேலே எழுதியிருக்கிறேன்.